பரிசு அல்லாத பலாப்பழம்

என் மகள் இரண்டாம் வகுப்புக்குப் போன வருடம்தான் எங்கள் வீட்டில் பிறந்தநாள் என்ற சொல்லைக் கேட்டாலே பர்ஸைத் திறந்து பார்க்க ஆரம்பித்தோம். அவள் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஜூனிலிருந்து மார்ச்சுக்குள் பிறந்து வைத்திருந்தார்கள். ஏப்ரல், மே விடுமுறையில் நாலு பேராவது பிறந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். அப்படி ஒரு பிள்ளைக்கும் பொறுப்பில்லை.

எனக்குக் காரைக்குடியில் ஒரு சின்ன எலெக்ட்ரிகல் கடை. வாடிக்கையாளர் படியேறும்போதே இவர் எந்த விலையில் ஃபேன் வாங்குவார் என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவேன். என் மனைவி தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீஷியன். ஒரு சொட்டு ரத்தத்தை வைத்துக்கொண்டு உங்கள் உடம்பில் என்ன கூடியிருக்கிறது, என்ன குறைந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடுவாள். இப்படிப்பட்ட இரண்டு பேரால் ஏழு வயதுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு எத்தனை ரூபாயில் பரிசு வாங்குவது என்று மட்டும் முடிவுசெய்ய முடியவில்லை.

முதல் அழைப்பு பல் டாக்டர் வீட்டிலிருந்து வந்தது. நூற்றிருபது ரூபாய்க்கு ஒரு வாட்டர் கலர் பெட்டி வாங்கி, பளபளக்கும் தாளில் சுற்றிக் கொடுத்தனுப்பினோம். மகள் திரும்பி வந்ததும் மனைவி கேட்டாள்.

"நம்ம பரிசைப் பிரிச்சாகளா?"

"பிரிச்சாங்க. அந்த ஆன்ட்டி, ரொம்ப க்யூட்டா இருக்குன்னு சொன்னாங்க."

மனைவியின் முகம் விழுந்துவிட்டது. "க்யூட்டுன்னா சின்னதுன்னு அர்த்தம்," என்றாள் என்னிடம்.

அடுத்த அழைப்புக்கு முந்நூறு ஆனது. அதற்கடுத்த அழைப்புக்குள் மனைவி ஒரு கணக்கு முறையே கண்டுபிடித்திருந்தாள். கேக் மட்டும் என்றால் இருநூறு. சாப்பாடும் உண்டென்றால் நானூறு.

"சாப்பாடு போடுவாகளா மாட்டாகளான்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"நேரத்தைப் பாருங்க. நாலு மணின்னா கேக்கு. ஏழு மணின்னா சாப்பாடு."

"இதுல அஞ்சரைன்னு போட்டிருக்கே."

"அதாங்க எனக்கும் ஓடமாட்டேங்குது."

கடைசியில் இரண்டு பரிசு வாங்கினோம். சின்னதை மகள் கையில் கொடுத்து, பெரியதை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துப் பூட்டிக்கொண்டு போனோம். விழா ஒரு சிறிய மண்டபத்தில். படியேறும்போதே பிரியாணி வாசம் வந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் மகள் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு கீழே ஓடினேன். அங்கே ஒரு காரின் பின்கதவு திறந்திருந்தது. பல் டாக்டர் குனிந்து நின்றுகொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அவர் இரண்டு கையிலும் இரண்டு பொட்டலம், ஒன்று சின்னது, ஒன்று பெரியது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "மழை வரும்போல இருக்கு," என்றார். "ஆமா சார்," என்றேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் கீழச்சிவல்பட்டியிலிருந்து அழைப்பு வந்தது.

மகளோடு படிக்கிற ஒரு பையனின் அப்பாவும் அம்மாவும் தங்கள் பரம்பரை வீட்டைப் பழுதுபார்த்து ஹோட்டலாக நடத்தி வந்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற இடம். பையனின் அம்மா கட்டடக்கலை படித்தவர். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. ஜீன்ஸ் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடத்துக்கு வருவார். ஆனாலும் நகரத்தார் வீட்டுப் பெண் என்பதால் வகுப்பு ஆசிரியையிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லோருக்கும் அவர் ஆச்சிதான். அவர் பெற்றோர் குரூப்பில் போட்டிருந்த அழைப்பின் அடியில் இரண்டு வரி இருந்தது: "தயவுசெய்து பரிசு எதுவும் வேண்டாம். பிள்ளைகள் வந்து விளையாடிவிட்டுப் போனால் போதும்."

நான் அதைக் கடையில் நின்றபடி படித்தேன். வந்த சந்தோஷத்தில், பேரம் பேசிக்கொண்டிருந்தவருக்கு டியூப்லைட்டில் இருபது ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போனால் மனைவி ஃபோனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். எதிர்முனையில் பேசியது மகளோடு படிக்கிற இன்னொரு பிள்ளையின் அம்மா, ஜவுளிக்கடைக்காரரின் மனைவி. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"என்னம்மா, என்ன கொண்டு போறீக?"

"வேண்டாம்னு போட்டிருக்காகளே அக்கா."

"அது தெரியும்மா. வேண்டாம்னா எவ்வளவுக்கு?"

"நீங்க எவ்வளவுக்கு அக்கா?" என்று மனைவி திருப்பிக் கேட்டாள்.

"நானும் ஒண்ணும் கொண்டு போகலைம்மா. ஆனா சும்மா போக முடியாதுல்ல."

அன்றைக்குச் சாயங்காலம் மட்டும் இப்படி நாலைந்து பேர் பேசினார்கள். எல்லோரும் ஒன்றும் கொண்டு போகவில்லை என்றுதான் சொன்னார்கள். சொன்ன விதத்திலேயே ஏதோ கொண்டு போகிறார்கள் என்று தெரிந்தது. நான் உறுதியாகச் சொல்லிவிட்டேன். "இந்தா பாரு. எழுதியிருக்கிறதை எழுதியிருக்கிற மாதிரியே எடுத்துக்கிருவோம். படிச்சவுக. யோசிச்சுத்தான் போட்டிருப்பாக."

"சரிங்க," என்றாள். அவ்வளவு சீக்கிரம் சரி என்கிறவள் இல்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஸ்கூட்டரில் கிளம்பினோம். மகள் ரோஜா நிற ஃப்ராக்கில் எனக்கு முன்னால் நின்றுகொண்டாள். மனைவி பட்டுப்புடவையில் பின்னால். கொஞ்ச தூரம் போனதுமே மனைவியின் நிலைகொள்ளாமை எனக்கு முதுகில் தெரிந்தது. கையை மடியில் வைத்தாள், எடுத்தாள், என் தோளில் வைத்தாள், முந்தானையைப் பிடித்தாள். விசேஷத்துக்குப் போகும்போது ஒரு பையையாவது மடியில் வைத்துப் பழகிய கை, என்ன செய்யும்?

மானகிரி தாண்டி ஒரு புளியமரத்தடியில் மினி லாரியை நிறுத்திப் பலாப்பழம் குவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். தோளில் ஒரு தட்டு விழுந்தது.

"நிறுத்துங்க."

"எதுக்கு? பரிசு வேண்டாம்னு பேசினோமே."

"பழம் எப்படிங்க பரிசாகும்? பிறந்தநாளுக்கு யாராச்சும் பலாப்பழம் பரிசாக் குடுத்து நீங்க கேள்விப்பட்டிருக்கீகளா?"

"இல்லை."

"அப்ப தைரியமாக் குடுக்கலாம்."

வண்டியை ஓரம் கட்டினேன். இறங்கினோம். இறங்கியதும் பழைய பிரச்சினை புது உருவத்தில் வந்து நின்றது. எந்த அளவில் வாங்குவது? சின்னப் பழம் கஞ்சத்தனமாகத் தெரிந்தது. நடுத்தரமான ஒன்றைக் காட்டினேன். "அது வீட்டுல வெட்டிச் சாப்பிடுறது மாதிரி இருக்கு," என்றாள். பழக்காரர் எங்கள் உடுப்பைப் பார்த்தார். "வீட்டுக்கா, விசேஷத்துக்கா?" என்று கேட்டார்.

"ரெண்டுக்கும் இல்ல," என்றாள் மனைவி.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு குவியலின் அடியிலிருந்து இருப்பதிலேயே பெரிய பழத்தை உருட்டிக் கொண்டுவந்தார். ஒரு சின்ன நாயளவுக்கு இருந்தது. எடை போட்டதில் நாங்கள் இதுவரை எந்தப் பிள்ளைக்கும் செய்யாத அளவுக்கு விலை வந்தது. "பழந்தானே," என்றாள் மனைவி. அதை ஸ்கூட்டரில் நான் கால் வைக்கிற இடத்தில் ஏற்றினோம். மகள் நடுவில் நசுங்கி உட்கார்ந்தாள். எனக்குக் கால் வைக்க இடமில்லாமல் இரண்டு பக்கமும் விரித்து நீட்டிக்கொண்டு ஓட்டினேன். எதிரே வந்த பஸ்காரர்கள் எல்லோரும் எனக்காகவே ஹாரன் அடித்தார்கள். ஒரு வண்டு மட்டும் குன்றக்குடி வரைக்கும் கூடவே வந்தது.

ஹோட்டல் வாசலில் ஆச்சி கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குக் கைத்தறிப் புடவை கட்டியிருந்தார். நான் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் அவருடைய கை தானாகக் கீழே இறங்கியது.

"என்னண்ணே இது? கிஃப்ட் எதுவும் வேண்டாம்னு போட்டிருந்தேனே."

"கிஃப்ட் இல்ல ஆச்சி," என்றாள் என் மனைவி. "பழம்."

ஆச்சி கொஞ்ச நேரம் பழத்தையே பார்த்தார். பிறகு மிகவும் களைத்த குரலில், "அங்குட்டு வையுங்க," என்றார்.

அங்குட்டு என்று அவர் காட்டிய பக்கம் பார்த்தபோதுதான் எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் ஒரு தூணில் ஒரு சேவல் கட்டியிருந்தது. செக்கச்செவேல் என்று, நல்ல கொண்டையோடு. பல் டாக்டர் கொண்டுவந்தது. "தோட்டத்துல சும்மாதான் நின்னுச்சு," என்று அவர் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பக்கத்தில் ஒரு மூட்டை பொன்னி அரிசி. அது யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருக்கிற ஒருவர் பையன் பேரில் பாலிசி எடுத்து, முதல் தவணையும் தானே கட்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "இது பரிசு இல்லம்மா, பாதுகாப்பு," என்றார் ஆச்சியிடம்.

எங்கள் பின்னாலேயே ஜவுளிக்கடைக்காரரின் மனைவி வந்தார். கையில் மூடி போட்ட வெள்ளிக் கிண்ணம்.

"கோவிலூர் கோயில் பிரசாதம் ஆச்சி. சர்க்கரைப் பொங்கல். வேண்டாம்னு மட்டும் சொல்லக்கூடாது."

"பிரசாதம் சரிக்கா. கிண்ணம்?"

"கிண்ணம் இல்லாம பொங்கலைக் கையிலயா ஏந்திக்கிட்டு வர முடியும்?"

ஆச்சி படித்தவர். தயங்கவில்லை. பொங்கலை வேறு பாத்திரத்துக்கு மாற்றச் சொல்லி, கிண்ணத்தைக் கழுவித் துடைத்து நீட்டினார். ஜவுளிக்கடை அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "பிறந்தநாள் வீட்டுல வெறுங் கிண்ணத்தை வாங்கிட்டுப் போவாகளா?" என்றார். ஆச்சி உள்ளே போய் அதில் சர்க்கரை நிரப்பிக்கொண்டு வந்தார். "இவ்வளவு சர்க்கரையை நான் சும்மா வாங்கிக்கிறதா? முறையில்லையே," என்றார் அக்கா. கிண்ணம் இப்படிப் போய்ப் போய் வந்தது. கடைசியில் இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் சர்க்கரையோடு உட்கார்ந்துவிட்டது. எறும்பு வர ஆரம்பித்ததும் இரண்டு பேரும் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட்டார்கள்.

பிறந்தநாள் பையன் பட்டு வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தான். யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது என்று அவனைக் கண்டித்து வைத்திருந்தார்கள் போல. கேட்கவில்லை, ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டே வந்தான். என் மகளுக்கு அது பொறுக்கவில்லை.

"நாங்க பலாப்பழம் கொண்டாந்தோம்," என்றாள் பெருமையாக.

"எனக்கா?"

"இல்ல. பரிசு வேண்டாம்னு சொல்லிட்டாங்கள்ல. அதனால அது உனக்கு இல்ல."

"அப்ப யாருக்கு?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி பலாப்பழத்தைப் பார்த்தாள்.

பையன் தூணுக்குப் போனான். "இது யாருக்கு?" என்று கேட்டான். "தோட்டத்துல சும்மாதான் நின்னுச்சு," என்றார் பல் டாக்டர். யாருக்கும் இல்லாத சேவல் என்றால் அவிழ்த்துவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவிழ்த்துவிட்டான்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் விழா சேவலின் கையில் இருந்தது. அது முற்றத்தில் இறங்கி ஒரு சுற்று ஓடியது. அத்தனை பிள்ளைகளும் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். பலூன்கள் வெடித்தன. வெடிச்சத்தத்தில் மிரண்ட சேவல் எழும்பிப் பறந்து கேக் இருந்த மேசையில் இறங்கியது. நல்லவேளை, கேக்கின்மேல் இறங்கவில்லை. பக்கத்தில் நின்று, தலையைச் சாய்த்து, மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. பல் டாக்டர் தன் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, வாயில் ஊசி போடும்போது பேசுகிற அதே குரலில், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, அப்படியே இரு," என்று சொல்லிக்கொண்டே நெருங்கினார். சேவலுக்கு அவரை ஏற்கெனவே தெரியும் போலிருக்கிறது. மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பறந்துவிட்டது.

மாடியில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி சத்தம் கேட்டு அறையிலிருந்து வெளியே வந்தார்கள். சேவல், பலாப்பழம், அரிசி மூட்டை, எறும்பு மொய்க்கும் வெள்ளிக் கிண்ணம் எல்லாவற்றையும் வரிசையாகப் படமெடுத்துக்கொண்டார்கள். கீழே இறங்கி வந்து, இதெல்லாம் இந்த ஊர்ப் பிறந்தநாள் சடங்கா என்று பல் டாக்டரிடம் ஆங்கிலத்தில் கேட்டார்கள். எனக்கும் புரிகிற ஆங்கிலந்தான். சடங்கு எதுவும் இல்லை, பரிசும் இல்லை என்று டாக்டர் தெளிவாக விளக்கினார். அப்படியென்றால் எதற்கு என்று அந்தப் பெண்மணி கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் தமிழிலும் பதில் கிடையாது. டாக்டர் சேவலைத் தேடிப் போவதுபோல் போய்விட்டார். அந்தத் தம்பதி தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு மாடிக்குப் போனார்கள். திரும்பி வரும்போது ஒரு பெரிய சாக்லேட் டப்பாவோடு வந்து ஆச்சியிடம் நீட்டினார்கள்.

அதோடு ஆச்சிக்குத் தாங்கவில்லை. முற்றத்துப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். டப்பா மடியில்.

"நான் என்ன எழுதியிருக்கணும்னு யாராவது சொல்லுங்க," என்றார். "தயவுசெய்துன்னு போட்டேன். வேண்டாம்னு போட்டேன். தமிழ்லதானே போட்டேன்?"

அவரைப் பார்க்க எங்களுக்குப் பாவமாக இருந்தது. என் மனைவி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க ஒண்ணுமே போடாம இருந்திருந்தா நாங்க முந்நூறு ரூபாயோட முடிச்சிருப்போம் ஆச்சி," என்றாள்.

"இப்ப?"

மனைவி பலாப்பழத்தின் விலையைக் காதில் சொன்னாள். ஆச்சி வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. ஆனால் அது சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் மனைவிக்கும் பிடித்துக்கொண்டது.

"பழத்தை வெட்டுங்க," என்றார் ஆச்சி சமையல்காரரைப் பார்த்து. "யாருக்குன்னு அப்பறம் பேசிக்கிருவோம்."

செய்தித்தாளைப் பரப்பி, கத்தியிலும் கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு சமையல்காரர் உட்கார்ந்தார். பிளந்ததும் வாசம் கிளம்பி முற்றம் முழுக்க நிறைந்தது. பிள்ளைகள் சேவலை விட்டுவிட்டு வட்டமாக வந்து உட்கார்ந்தார்கள். இன்சூரன்ஸ்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சுளை பிரிக்க இறங்கினார். வெளிநாட்டுப் பெண்மணி கையில் பால் ஒட்டிக்கொண்டு, அதைத் துடைத்த கைக்குட்டையும் ஒட்டிக்கொண்டு தவித்தார். பிறந்தநாள் பையன் பக்கத்தில் கொட்டைகளைக் குவித்து வைத்து, யாரும் எடுக்கக் கூடாது என்று காவல் இருந்தான். கேக் பிறகு வெட்டினார்கள். அதை யாரும் பெரிதாகச் சாப்பிடவில்லை.

கிளம்பும் நேரத்தில்தான் அடுத்தது தொடங்கியது. ஆச்சி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓலைக்கொட்டான் ஒன்று கொடுத்தார். கலர் ஓலையில் முடைந்த சின்னக் கூடை. உள்ளே முறுக்கு, கூடவே ஒரு குட்டிப் பித்தளைக் குடம். இன்சூரன்ஸ்காரர் தன் பிள்ளை கையிலிருந்து வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது?" என்றார்.

"ரிட்டர்ன் கிஃப்ட் அண்ணே."

"நாங்கதான் கிஃப்டே குடுக்கலையேம்மா. குடுக்காம ரிட்டர்ன் எப்படி வாங்குறது? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

ஜவுளிக்கடை அக்காவும் ஆமாம் என்றார். பித்தளைக் குடம் வைத்து யாராவது கொடுப்பார்களா என்று பல் டாக்டரும் சேர்ந்துகொண்டார். ஆச்சி வாசல் நடுவில் வந்து நின்றார். அத்தனை பெரிய வாசலை அந்த மெலிந்த பெண் எப்படி அடைத்து நின்றார் என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான்.

"அப்ப நீங்க கொண்டு வந்ததெல்லாம் என்ன?" என்றார்.

இன்சூரன்ஸ்காரர் கொட்டானுக்குள் இருந்த முறுக்கை எண்ண ஆரம்பித்தார்.

"அது பரிசுதான்னு ஒத்துக்கிருங்க. கொட்டானை வாங்கிக்கிருங்க. இல்லாட்டி அவுகவுக கொண்டு வந்ததை அவுகவுக தூக்கிட்டுப் போங்க. அரிசி மூட்டை உள்பட."

பல் டாக்டர் மாடியைப் பார்த்தார். சேவல் இன்னும் அங்கேதான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போவதைவிட ஒத்துக்கொள்வது சுலபம் என்று அவருக்குப் பட்டிருக்கும். "பரிசுதாங்க," என்றார் மெதுவாக. "பரிசுதாம்மா," என்றார் இன்சூரன்ஸ்காரர். ஜவுளிக்கடை அக்கா கொஞ்ச நேரம் பிடிவாதமாக நின்றார். "பிரசாதம் பரிசு இல்ல," என்றார். "கிண்ணம் மட்டும் பரிசு." எங்கள் முறை வந்தது. எங்கள் பழமோ சக்கையும் கொட்டையுமாகச் செய்தித்தாளில் கிடந்தது. "பழமும் பரிசுதான் ஆச்சி," என்று என் மனைவி சொன்னபோது, எதையோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி நின்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அந்தக் குட்டிக் குடத்தைக் கையில் வைத்து எடை பார்த்துக்கொண்டே வந்தாள். "ஐந்நூறுக்குக் குறையாதுங்க," என்றாள். குன்றக்குடி தாண்டி ஒரு தடவை. மானகிரியில் ஒரு தடவை.

இது நடந்தது ஆனி மாதத்தில். ஐப்பசியில் எங்கள் மகளுக்கு எட்டு வயது.

அழைப்பில் என்ன போடுவது என்று நானும் மனைவியும் ஒரு வாரம் உட்கார்ந்து பேசினோம். வேண்டாம் என்று போட்டால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம். ஒன்றும் போடாவிட்டால் ஃபோன் வரும். கடைசியில் நான்தான் சொன்னேன்: மறைக்க என்ன இருக்கிறது, கடையில் விலைச்சீட்டு ஒட்டுகிற மாதிரி பளிச்சென்று போட்டுவிடுவோம். போட்டேன். "பரிசு கொண்டு வரலாம். முந்நூறு ரூபாய்க்கு மேல் வேண்டாம்."

பெற்றோர் குரூப்பில் மத்தியானம் வரை ஒரு சத்தமும் இல்லை. மனைவி, "அசிங்கப்படுத்திட்டீக," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் ஆச்சியிடமிருந்து முதல் பதில் வந்தது: "இதைத்தான் நான் எழுதியிருக்கணும்." அதற்குப் பிறகு வரிசையாகக் கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளும் வந்து விழுந்தன. பல் டாக்டர் தனியாக ஃபோன் செய்து, "ஊருக்கே நல்லது பண்ணிட்டீங்க," என்றார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

பிறந்தநாள் அன்று முதலில் வந்த பையன் ஒரு சதுரமான பெட்டி கொடுத்தான். இரண்டாவதாக வந்த பெண்ணும் சதுரமான பெட்டி. ஐந்தாவது பெட்டி மேசைக்கு வந்தபோது மனைவி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"எல்லாம் ஒரே அளவா இருக்குங்க."

"தற்செயலா இருக்கும்."

"எல்லாத்தையும் ஒரே தாள்ல சுத்தியிருக்கு."

கேக் வெட்டியதும் பிள்ளைகள் பரிசைப் பிரி, பிரி என்று கத்தினார்கள். மகள் முதல் பெட்டியைப் பிரித்தாள். பிளாஸ்டிக் சமையல் செட். ஒரு அடுப்பு, ஒரு குக்கர், இரண்டு சட்டி, கரண்டி, நாலு கப். எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவதைப் பிரித்தாள். அடுப்பு, குக்கர், இரண்டு சட்டி. மூன்றாவதும் அதுவே. எங்கள் பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் முந்நூறு ரூபாய்க்குள், ஒரு ரூபாய் பாக்கி வருகிற விலையில், இருந்த ஒரே பொருள் அதுதான் என்று பிற்பாடு தெரிந்தது. இருநூறுக்கு இருந்ததை வாங்க யாருக்கும் மனம் வரவில்லை. நானூறுக்கு இருந்ததை வாங்க நான் விடவில்லை. அத்தனை பேரும் அங்கேயே போயிருக்கிறார்கள். கீழச்சிவல்பட்டியிலிருந்து காரில் வந்த ஆச்சியும் வழியில் இறங்கி அங்கேதான் வாங்கியிருக்கிறார்.

ஏழாவது பெட்டியில் பெரியவர்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஜவுளிக்கடை அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இன்சூரன்ஸ்காரர், "என்னோடதுல கரண்டி நீலமா இருக்கும்," என்றார். அதுவும் சிவப்பாகத்தான் இருந்தது. ஆனால் என் மகள் மட்டும் ஒவ்வொரு பெட்டியைப் பிரிக்கும்போதும் முதல் பெட்டிக்குப் போட்ட அதே சத்தத்தைப் போட்டாள். "இன்னொரு அடுப்பு!" என்று தூக்கிக் காட்டினாள். பதினான்காவது அடுப்புக்குப் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று ஆடினார்கள்.

மறுநாள் மனைவி அவளிடம் நயமாகப் பேசிப் பார்த்தாள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கடையில் கொடுத்து வேறு வேறு பொம்மை வாங்கலாம் என்றாள். மகள் ஒத்துக்கொள்ளவே இல்லை. கூடத்தில் பாய் விரித்து, பதினான்கு அடுப்பையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதனதன் குக்கரையும் சட்டியையும் அடுக்கினாள். எங்களுக்கு நடக்க இடமில்லை. கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்ணுக்குக் கொடுக்கிற பாத்திர பண்டங்களைக் கூடம் நிறையப் பரப்பி, வருகிறவர்களுக்குக் காட்டுவது வழக்கம். ஒரே மாதிரிப் பாத்திரம் டஜன் கணக்கில் இருக்கும்.

"என்ன, இப்பவே சாமான் பரப்பிட்டீகளா?" என்றார்.

"ஆமாக்கா," என்றாள் என் மனைவி. வேறு என்ன சொல்வாள்.

"மாப்பிள்ளை யாரு?"

"இனிமேத்தான் பார்க்கணும்."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு எந்த அழைப்பும் இல்லை. மத்தியானம் மகள் எங்கள் இரண்டு பேரையும் பாயின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னாள். விருந்து என்றாள். இல்லாத சோறும் இல்லாத சாம்பாரும் பரிமாறினாள். ஒவ்வொரு அடுப்பிலிருந்தும் ஒரு கரண்டி. எடுத்துச் சாப்பிட்டோம். எப்படி இருக்கிறது என்று கேட்டாள். மனைவி அருமை என்றாள். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "சாம்பார்ல உப்பு கொஞ்சம் கம்மி," என்றேன்.

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். எழுந்து போய் முதல் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, உப்புப் போட்டு, கலக்கி, உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தாள். பிறகு இரண்டாவது அடுப்புக்கு நகர்ந்தாள். மனைவி என்னை முறைத்தாள். கடைசி அடுப்புக்கு மகள் வந்து சேரும்வரை நாங்கள் கையைக் காயவிட்டபடி காத்திருந்தோம்.